இரண்டு அரைப்பான்களும் ஒரு கையெழுத்தும்

எசன், 20.08.2007

அரவிந்த் அண்ணை,

அந்த அரைப்பானைப் பாழாக்கியது நீங்கள். அதனால் என் வேலை போய்விட்டது.

சந்தேகத்தில் எழுதவில்லை. யூலை 14, சனிக்கிழமை, முதலாளி லெம்கே விடுமுறையில் இருந்தபோது நீங்கள் எங்கள் கோப்பி மெசின் கடைக்கு வந்தீர்கள். வீட்டு எஸ்பிரெசோவுக்குக் கூம்புப் பல் அரைப்பான் நல்லதா, தட்டைப் பல் அரைப்பான் நல்லதா என்று மூன்று மணித்தியாலம் என்னோடு நின்று கதைத்தீர்கள். கூம்பு அரைப்பான் உங்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தட்டை அரைப்பானை நான்கு கிழமைக்கு இரவல் கேட்டீர்கள். வாடிக்கையாளருக்கு இரவல் கொடுக்கக் கடையில் ஒரு படிவம் இருக்கிறது. அதை எடுத்தபோது "நமக்குள்ள எதுக்கு தாரகன் பேப்பரெல்லாம்?" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அது என் முதல் பிழை.

ஓகஸ்ட் 9 இல் பொதி அனுப்பினீர்கள். பெட்டி பிரிக்காமல் வேலையறையில் கிடந்தது. போன சனிக்கிழமை காலைதான் எடுத்து மேசையில் வைத்தேன். பற்களைக் கழற்றிப் பார்க்கவில்லை. உங்களை நம்பினேன். அது இரண்டாவது பிழை. உங்கள் விலாசம் ஒட்டியிருந்த பெட்டியைக் கிழித்துக் காகிதத் தொட்டியில் போட்டது மூன்றாவது.

சனிக்கிழமை கடையில் சுவை பார்க்கும் கூட்டம். பன்னிரண்டு வாடிக்கையாளர்கள், இறக்குமதிக் கம்பனியின் ஆள் ஒருவர். ஒரே சாக்குக் கொட்டை, ஒரே அளவு, ஒரே இருபத்தைந்து செக்கன். எந்தக் கோப்பை எந்த அரைப்பானில் இருந்து வந்தது என்று தெரியாதபடி நடுவில் துணி கட்டியிருந்தோம். வீட்டுக்காரருக்கும் தட்டை அரைப்பான் விற்கலாம், பொடி ஒரே சீராக வரும் என்று ஆறு மாதமாக முதலாளியின் காதில் ஓதியவன் நான். கூட்டத்தை வைக்கச் சொன்னதும் நான்தான்.

தட்டை அரைப்பானின் கோப்பையை ஒருவரும் முடிக்கவில்லை. ஒரு பல் வைத்தியர் கைக்குட்டைக்குள் துப்பினார். லெம்கே துணியை விலக்கி எல்லோருக்கும் முன்னால் அரைப்பானைக் கழற்றினார். பற்களுக்கு நடுவில் தார் மாதிரிக் கறுப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது. மணந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கறி மணக்குது. நீ இதை வீட்டுக்குக் கொண்டுபோய் உங்கட கறிச்சாமான் அரைச்சிருக்கிறாய்."

டிரெஸ்டனில் இருந்து வந்தது என்றேன். இரவல் படிவம் எங்கே என்று கேட்டார். படிவம் இல்லை. திங்கட்கிழமை, அதாவது இன்று, வேலைநீக்கக் கடிதம் தந்துவிட்டார்.

உங்களுக்கு ஒரு வேலை போனால் இன்னொரு வேலை. எனக்கு அப்படி இல்லை. ஒன்பது வருடமாக என்னிடம் இருப்பது விசா அல்ல, "இவனை நாடு கடத்துவதைத் தள்ளிப்போட்டிருக்கிறோம்" என்று எழுதிய ஒரு தாள். டுல்டுங் என்பார்கள். எட்டு வருடம் தாண்டியவர்கள் இந்தச் செப்ரெம்பர் முடிவதற்குள் வேலை ஒப்பந்தம் காட்டினால் வதிவிட அனுமதி தருவார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு டெர்மின், அதாவது கூப்பிட்ட நாள், செப்ரெம்பர் 27. ஒப்பந்தம் இல்லாமல் போனால் கதவைத் தட்டவே தேவையில்லை.

தொலைபேசியில் எட்டுத் தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. ஆகவே பதிவுத் தபால்.

அரைப்பான் உங்கள் வீட்டில் இருந்தது என்று லெம்கேக்கு இரண்டு வரி எழுதுங்கள். அதற்குள் என்ன போட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

தாரகன்


டிரெஸ்டன், 27.08.2007

அன்புள்ள தம்பி தாரகன்,

உன் கடிதம் 22ஆம் தேதியே வந்துவிட்டது. படித்ததும் மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. ஃபோனில் பேசினால் ரெண்டு பேருக்கும் டென்ஷன் ஏறும், வார்த்தை தடிக்கும் என்றுதான் எடுக்கவில்லை. தப்பாக நினைக்காதே.

உன் முதலாளி அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசியது அசிங்கம். இங்கேயும் உண்டு. லேபில் மைக்ரோவேவ் நாறினால் முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் எதையும் உணர்ச்சிவசப்படாமல் பார்க்க வேண்டும். நான் பவுடர் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன், அதனால் சொல்கிறேன்.

ஃப்ளாட் பர்ரில், அதாவது உன் தட்டைப் பல்லில், ரெண்டு தட்டுகள் நேருக்கு நேர் சுற்றுகின்றன. வேகம் அதிகம், சூடு அதிகம், உள்ளே தங்கிவிடுகிற பொடியும் அதிகம். கோனிக்கலில், அதாவது கூம்பில், பொடி நேராகக் கீழே விழுந்துவிடும். இன்ஸ்டிட்யூட்டின் லேசர் கருவியில் ரெண்டு வகைப் பொடியையும் அளந்து நான் இன்டர்நெட் காபி ஃபோரத்தில் போட்ட கிராஃபை நீயும் பார்த்தாய். ஃப்ளாட்டில் நுண்தூளும் அதிகம், கட்டியும் அதிகம். கசப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே உங்கள் கூட்டத்தில் நடந்தது எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. கிராஃப் முன்கூட்டியே சொன்னதைப் பன்னிரண்டு நாக்குகள் உறுதி செய்திருக்கின்றன, அவ்வளவுதான். டெக்னாலஜியின் குறைக்கு உன்னைத் தண்டிப்பது நியாயமில்லை என்று உன் முதலாளியிடம் எடுத்துச் சொல். வேண்டுமானால் கிராஃபைப் பிரிண்ட் எடுத்துக் காட்டு.

இன்னொன்று. கேட்கிறேன் என்று கோபப்படாதே. உங்கள் வீட்டில் காபிக்கொட்டையோடு மல்லி சேர்த்து வறுப்பீர்கள் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். உன்னோடு தங்கியிருக்கும் சோதிலிங்கம் அண்ணன் எப்போதாவது கடைக்கு வந்து எதையாவது அரைத்துக்கொண்டு போனாரா? தெரியாமல்கூட நடந்திருக்கலாம். நன்றாக யோசித்துப் பார்.

வீட்டில் பார்கவியும் உன்னை விசாரித்தாள். தைரியமாக இரு. நல்லது நடக்கும்.

அன்புடன்,
அரவிந்த்


எசன், 31.08.2007

அரவிந்த் அண்ணை,

தைரியம் என்னிடம் இருக்கிறது. வேலைதான் இல்லை.

மல்லி பற்றிக் கேட்டீர்கள். ஓம், போடுகிறோம். சோதிலிங்கம் அண்ணை அதைக் கறித்தூள் மெசினில் அரைக்கிறவர். கடைப் படியை மிதித்ததே இல்லை. உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லாப் படிச்ச பெடியன் போல, பழியைக்கூடத் தூளாக்கிப் பங்கு பிரிச்சுத் தாறான்" என்றார்.

இனி நடந்ததைக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை, மெசின் திருத்துகிற என் ஆயுதப் பெட்டியை எடுக்கக் கடைக்குப் போனேன். பற்களில் இருந்து சுரண்டிய கறுப்புச் சாமானை ஒரு சின்னப் போத்தலில் எடுத்து வைத்திருந்தேன். கடையைக் கூட்டித் துடைக்கிற ஃபிராவ் நோவாக் அங்கே நின்றார். வயது எழுபதுக்குக் கிட்ட. இதே ஊரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்த மனிசி. போத்தலைத் திறந்து மணந்தார். விரலில் தொட்டு நக்கினார். பிறகு சிரித்தார்.

"இது கறியில்லைப் பிள்ளை. சிக்கோரி! யுத்தம் முடிஞ்ச காலத்தில கோப்பிக்கு எங்க போறது? எங்கட வீட்டில ஆறு பிள்ளையளும் இதைத்தான் குடிச்சனாங்கள். லெம்கேன்ர தாயும் குடிச்சிருப்பா, கேட்டுப் பாக்கச் சொல்லு."

அவரே போய்ச் சொன்னார். லெம்கே மணந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. தன் தாய் குடித்த சாமானைத்தான் கறி என்று சொல்லியிருக்கிறார். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை.

"சரி, சிக்கோரி. ஆர் போட்டது?"

"டிரெஸ்டனில இருக்கிற வாடிக்கையாளர்."

"எழுத்தில கொண்டா. மெசின் அவரிட்ட இருந்தது, அவர் போட்டவர் எண்டு கையெழுத்தோட கொண்டா. வேலைநீக்கத்தைக் கிழிச்சுப் போடுறன். வாயால சொல்லுறதை நான் நம்ப ஏலாது."

அண்ணை, யாழ்ப்பாணத்தில் கோப்பிக்குள் சிக்கரி போடுகிற வழக்கம் இல்லை. இந்த எசனில் எந்த இலங்கைத் தமிழன் வீட்டிலும் அது கிடையாது. சிக்கரி இல்லாமல் கோப்பி இறங்காது என்று கடையில் நின்று எனக்குச் சொன்னது நீங்கள். எஸ்பிரெசோ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் "நம்ம காபி" மாதிரி நாக்கில் நிற்கவில்லை என்றீர்கள். வறுத்த சிக்கரியில் சீனித்தன்மை இருக்கிறது. சூடு பட்டால் உருகும், ஈரம் பட்டால் ஒட்டும். தட்டைப் பல்லுக்கு நடுவில் போனால் வெளியே வராது. இதைத் தெரிந்துகொள்ள லேசர் தேவையில்லை.

உங்கள் கிராஃபில் தெரியும் அந்தக் கட்டி தட்டை அரைப்பானின் குணம் அல்ல. உங்கள் சிக்கரி.

இன்னொன்றும் பார்த்தேன். நூலகக் கணினியில் அந்த ஃபோரத்தைத் திறந்தேன். உங்கள் பதிவின் அடியில் "தட்டை அரைப்பானை இரவல் தந்த எசன் கடைத் தொழில்நுட்பர் தாரகனுக்கு நன்றி" என்று முதலில் இருந்தது. அதைக் காட்டினால் லெம்கேக்குப் போதும் என்று நினைத்துத்தான் திறந்தேன். அந்த வரி இல்லை. கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது: கடைசியாகத் திருத்தியது 23.08.2007.

என் கடிதம் உங்களுக்குக் கிடைத்தது 22 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நேரே வந்து கேட்டிருப்பேன். இந்தத் தாள் வைத்திருக்கிறவன் மாநில எல்லையைத் தாண்டக்கூடாது. டிரெஸ்டன் ரயிலில் என்னைப் பிடித்தால் அதுவே ஒரு குற்றமாகப் பதிவாகும், பிறகு டெர்மினே தேவையில்லை. அது உங்களுக்குத் தெரியும்.

எழுதி அனுப்புங்கள்.

தாரகன்


டிரெஸ்டன், 10.09.2007

தாரகன்,

பத்து நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன். கையால் எழுத ஆரம்பித்தால் கிழித்துக் கிழித்துப் போடுகிறேன், அதனால் டைப் செய்கிறேன்.

ஆமாம். ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே படிக்கிற தமிழ்ப் பசங்கள் எட்டுப் பேர் சாப்பிட வந்தார்கள். ஆறு மாசமாக நல்ல காபி குடிக்கவில்லை என்று புலம்பினார்கள். பார்கவி இயற்கை உணவுக் கடையில் வறுத்த சிக்கரித் துண்டு பார்த்து வாங்கி வைத்திருந்தாள். கொட்டையோடு சேர்த்து அந்த ஃப்ளாட்டில் போட்டேன். என் கோனிக்கலில் போட மனசு வரவில்லை, அது புதுசு. இதை எழுதும்போதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிகிறது.

வாசனை நன்றாக இருந்தது. பசங்கள் ரெண்டாவது டம்ளர் கேட்டார்கள். அப்புறம் தினமும் காலையில் போட்டேன். பத்து நாள். மோட்டார் சத்தம் மாறியது. வெறும் கொட்டை ரெண்டு கை ஓட்டிவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் சாம்பிள் எடுத்து அளந்தேன். கிராஃபில் ஒரு புடைப்பு வந்தது. அந்த வகை கிரைண்டரில் வரக்கூடாத புடைப்பு. எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனால் புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷமும் இருந்தது. போட்டுவிட்டேன்.

நீ நினைப்பது போல நான் ஃபோரத்துப் பெருமைக்காகப் பயப்படவில்லை. என் புரொஃபசர் காபிப் பைத்தியம். கிராஃபைப் பார்த்துவிட்டு அவரும் ஒரு கோனிக்கல் வாங்கிவிட்டார். அக்டோபரில் முதல் வருட மாணவர்களுக்கு நடத்தும் வகுப்பில் அதைக் காட்டப் போகிறார். கீழே என் பெயர் இருக்கிறது. என் கான்ட்ராக்ட் அக்டோபர் 31இல் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவர் ஒருவர்தான். அழுக்கு மெஷினில் அளந்தேன் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், இவன் இன்ஸ்டிட்யூட்டில் அளந்த மற்றதெல்லாம் எப்படி என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். உன் லெம்கே அந்த ஃபோரத்தில் இருக்கிறார். ஒரு தாள் கொடுத்தால் அது அங்கே வந்துவிடும்.

பார்கவிக்கு ஆறு மாசம். வேலை போனால் விசா போகும், விசா போனால் ஃப்ளைட். உனக்குப் புரியாதா?

அவள் ரெண்டு நாளாக ஒன்றையே சொல்கிறாள். "ஏங்க, ஒரு கையெழுத்துதானே, போட்டுக் குடுத்துட்டு நிம்மதியாத் தூங்குங்க" என்கிறாள். அவளுக்கு இந்த உலகம் தெரியாது.

எனக்கு ஒரு வழி தோன்றியது. என் கோனிக்கல் கிரைண்டரை உனக்கே அனுப்பிவிடுகிறேன். உன் முதலாளிக்குக் கொடு, கெட்டுப்போனதற்குப் பதிலாக இருக்கட்டும். பான் நகரத்தில் கல்யாணசுந்தரம் என்று ஒருவர் இருக்கிறார். ரெஸ்டாரன்ட்டுகள் எல்லாம் தெரியும், கிச்சனில் ஏதாவது பார்த்துத் தருவார். அவரிடம் உன்னைப் பற்றிப் பேசுகிறேன்.

கோபம் தணிந்ததும் யோசி.


எசன், 14.09.2007

அரவிந்த்,

இனி அண்ணை இல்லை. நீங்களும் தம்பி என்று எழுதாதீர்கள். கடைசிக் கடிதத்தில் எழுதவில்லை, அது நல்லது.

உங்கள் இரண்டு கடிதங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் கடிதம் கையால் எழுதியது, அடியில் கையெழுத்து இருக்கிறது. ஆனால் அரைப்பான் உங்கள் வீட்டில் இருந்தது என்று ஒரு வரி இல்லை. இரண்டாவது கடிதத்தில் எல்லாம் இருக்கிறது. கையெழுத்து இல்லை, பெயர் இல்லை, உறையின் பின்பக்கத்தில் அனுப்பியவர் விலாசமும் இல்லை. கைக்கு எழுத வரவில்லை என்று எனக்குச் சொல்கிறீர்கள். கை மிகக் கவனமாகத்தான் வேலை செய்திருக்கிறது.

ஆனாலும் அதைக் கொண்டுபோய் லெம்கேயிடம் நீட்டினேன். தமிழ் எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை நீயே அடிச்சிருக்கலாம்" என்றார். அவர் சொன்னது சரி. எவனும் அடித்திருக்கலாம்.

உங்கள் புதுக் கூம்பு அரைப்பானில் போட மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரவல் சாமான், ஆகவே போடலாம். அந்த வரியை நான் பல தடவை வாசித்தேன். இந்த ஊரில் வேலைக்கு வைக்கிற எல்லோரும் எங்களை இப்படித்தான் பார்க்கிறார்கள். அது பழகிவிட்டது. தமிழில் வாசித்தது இதுதான் முதல் தடவை.

விசா போனால் உங்களுக்கு ஃப்ளைட் என்கிறீர்கள். அந்த ஃப்ளைட் இறங்குகிற இடத்தில் உங்கள் மாமனார் கார் கொண்டுவந்து நிற்பார். உங்கள் சான்றிதழ்களைப் பார்த்து இன்னொரு நாட்டுக்காரன் கூப்பிடுவான். என் ஃப்ளைட் இறங்குகிற இடத்தில் பெயரையும் ஊரையும் கேட்டுவிட்டு ஒரு பக்கமாக நிற்கச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்துக்குப் பாதையே பூட்டிக் கிடக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து "உனக்குப் புரியாதா" என்று கேட்கிறீர்கள். புரிகிறது. உங்கள் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். பார்கவி அக்கா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. உலகம் தெரியாதவர் அவர் அல்ல.

கூம்பு அரைப்பானை அனுப்ப வேண்டாம். லெம்கே கேட்டது மெசின் அல்ல, கையெழுத்து. பான் நகரத்துக் கிச்சன் வேலையும் வேண்டாம். எனக்குக் கிச்சன் தெரியும். மூன்று வருடம் கோப்பை கழுவித்தான் மெசின் திருத்தக் கற்றேன். தவிர, 27ஆம் திகதிக்குள் புது ஒப்பந்தம் போட்டு, அதற்கு வேறு அனுமதி எடுத்து முடிக்கக் காலம் இல்லை. இருக்கிற ஒப்பந்தம் ஒன்றுதான் வழி.

அந்த ஃபோரத்தில் நானும் எழுதிப் பார்த்தேன். தட்டை அரைப்பான் சுத்தமாக இருந்தால் அப்படி வராது, எத்தனையோ திருத்தியிருக்கிறேன், குடித்துப் பார்த்திருக்கிறேன் என்று. ஒருவர் கேட்டார்: "அளவீடு இருக்கிறதா?" இன்னொருவர் என் ஜெர்மனில் இருந்த பிழையைத் திருத்தினார். நீங்களும் அங்கே இருந்தீர்கள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

உங்கள் வேலைக்கு ஆபத்து வராதபடி யோசித்துவிட்டேன். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஜெர்மனில் இரண்டு வசனம்: "குறித்த அரைப்பான் 14.07.2007 முதல் 09.08.2007 வரை என்னிடம் இரவலாக இருந்தது. அக்காலத்தில் நான் அதில் சிக்கரி அரைத்தேன்." அவ்வளவுதான். கிராஃப் பற்றி ஒரு சொல் இல்லை. லேசர் இல்லை, புரொஃபசர் இல்லை. கிராஃப் பொய்யாகவே இருக்கட்டும், நான் வாய் திறக்க மாட்டேன். ஃபிராவ் நோவாக் முன்னால் லெம்கேயிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், இந்தத் தாள் கோப்புக்குள் மட்டும்தான் போகும், ஃபோரத்துக்குப் போகாது என்று.

முத்திரை ஒட்டி என் விலாசம் எழுதிய உறையும் உள்ளே இருக்கிறது. நேரம் போதாவிட்டால் கடையின் ஃபக்ஸ் எண் தாளின் மேலே இருக்கிறது. 26ஆம் திகதி காலை ஒன்பது மணியில் இருந்து நான் அந்த ஃபக்ஸுக்குப் பக்கத்தில் நிற்பேன்.

தாரகன்


டிரெஸ்டன், 21.09.2007

அன்புள்ள தாரகன்,

உன் தாளை மூன்று நாள் கையில் வைத்திருந்தேன். பேனாவையும் எடுத்தேன். பொய் சொல்லவில்லை.

லெம்கேயின் சத்தியத்தை நீ நம்புகிறாய். கூட்டத்தில் உன்னை அப்படிப் பேசியவரின் சத்தியத்தை நான் எப்படி நம்புவது?

வேறு ஒன்று செய்திருக்கிறேன். இதோடு ஒரு பரிந்துரைக் கடிதம் இருக்கிறது. ஜெர்மனில், நல்ல தாளில், என் பெயர், டாக்டர் பட்டம், கையெழுத்து எல்லாவற்றோடும். உன்னை நேரில் அறிவேன், நேர்மையானவன், திறமையானவன், பொறுப்பானவன், எஸ்பிரெசோ தொழில்நுட்பத்தில் அபார அறிவு உள்ளவன் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். இதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை. என் ஜெர்மன் நண்பன் ஒருவனிடம் கொடுத்து இலக்கணம் சரிபார்த்தேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் டாக்டர் என்ற சொல்லுக்கு மரியாதை உண்டு. நிச்சயம் உதவும்.

என்னால் முடிந்தது இதுதான். ப்ளீஸ், புரிந்துகொள்.

அரவிந்த்


எசன், 02.10.2007

அரவிந்த்,

ஃபக்ஸ் வரவில்லை.

26ஆம் திகதி காலை ஒன்பதில் இருந்து கடை பூட்டும்வரை நின்றேன். இரண்டு தடவை அது சத்தம் போட்டது. ஒன்று பால் கம்பனியின் விலைப்பட்டியல். மற்றது யாரோ பிழையான எண்ணுக்கு அனுப்பியது. ஃபிராவ் நோவாக் எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். பிறகு அவரும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தார்.

உங்கள் பரிந்துரைக் கடிதத்தை லெம்கே முழுதாக வாசித்தார். "நல்ல ஜெர்மன்" என்றார். பிறகு, "நீ கெட்டிக்காரன் எண்டு எனக்குத் தெரியும், அதுக்கு எனக்கொரு டொக்டர் தேவையில்லை. மெசின் எங்க இருந்தது எண்டு இதில இல்லையே?" என்றார். அதுவரை கடையிலேயே விட்டிருந்த என் ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

27ஆம் திகதி டெர்மின். அந்த அதிகாரி கெட்ட மனிசி இல்லை, அதையும் எழுதுகிறேன். என் கோப்பு அவரின் கை உயரத்துக்கு இருந்தது. ஒப்பந்தம் கேட்டார். வேலைநீக்கக் கடிதத்தைக் கொடுத்தேன். உங்கள் பரிந்துரையையும் கொடுத்தேன்.

"இவர் உங்களை வேலைக்கு எடுக்கிறாரா?"

"இல்லை."

"அப்ப இதை நான் எந்தப் பிரிவில வைக்கிறது?"

துளை போட்டுக் கோப்பின் கடைசியில் செருகினார். டுல்டுங் தாளில் மூன்று மாதம் நீட்டி முத்திரை குத்தினார். அதற்குக் கீழே இன்னொரு முத்திரை: தொழில் செய்ய அனுமதி இல்லை. முன்பு அந்த இரண்டாவது முத்திரையை நீக்குவிக்க எனக்கு நான்கு வருடம் பிடித்தது. திரும்ப விழ ஒரு நிமிடம் பிடிக்கவில்லை. செப்ரெம்பர் முடிந்துவிட்டது, இனி இந்தச் சட்டத்தில் விண்ணப்பிக்க ஏலாது, அடுத்த சட்டம் வந்தால் பார்க்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது சோதிலிங்கம் அண்ணை கதவைத் திறந்தார். "என்னவாம், டொக்டர் உன்னை நல்ல பெடியன் எண்டு எழுதினதை வாசிச்சவையோ?" என்றார். பகிடி விட்டவர் பிறகு குசினிக்குள் போய்விட்டார். நெடுநேரம் பைப்பைத் திறந்து விட்டிருந்தார். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

நேற்றுக் கடை வழியாகப் போனேன். லெம்கே இனித் தட்டை அரைப்பான் விற்கமாட்டார். கண்ணாடியில் உங்கள் கிராஃபைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருக்கிறார், உங்கள் பெயரோடு, கூம்பு அரைப்பான் வாங்கச் சொல்லி. சிக்கரி என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒட்டியிருக்கிறார், ஏனென்றால் விற்கிறது. கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பேர் நின்று உங்கள் புடைப்பைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு கணம் அவர்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. அளவீடு இருக்கிறதா என்று கேட்பார்கள்.

ஒரு சட்டத்தரணியைப் பார்த்தேன். மேல்முறையீடு செய்ய இன்னும் நாள் இருக்கிறது. வேலைநீக்கம் பிழையானது என்று ஒரு சாட்சி எழுதித் தந்தால் கோப்பைத் திரும்பத் திறக்கக் கேட்கலாம் என்கிறார். ஒரு சாட்சி போதுமாம்.

எழுதுங்கள்.

தாரகன்


எசன், 29.10.2007

அரவிந்த்,

ஒக்ரோபர் 2 இல் எழுதியதற்குப் பதில் இல்லை. 11 இல் எழுதியதற்கும் இல்லை. 18 இல் எழுதியதைப் பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்டதற்கான அட்டையோடு அனுப்பினேன்.

அட்டை இன்று திரும்பி வந்தது. அதில் உங்கள் முழுப் பெயர், திகதி, நீல மையில் கையெழுத்து, எல்லாம் இருக்கின்றன. தபால்காரன் வாசலில் நின்று கேட்டதும் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் ஒப்பந்தம் நீண்டதா என்று நான் கேட்கவில்லை. சிக்கரி பற்றியும் இனி எழுத வேண்டாம். கிராஃப் கண்ணாடியிலேயே கிடக்கட்டும். மேல்முறையீட்டுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். சட்டத்தரணியின் விலாசம் இந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது.

யூலை 14 முதல் ஓகஸ்ட் 9 வரை அந்த அரைப்பான் உங்கள் வீட்டில் இருந்ததா, இல்லையா?

ஓம் என்று எழுதுங்கள், அல்லது இல்லை என்று எழுதுங்கள். எழுதிக் கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.

தாரகன்